கருமுட்டை எடுத்த பிறகு லேபில் என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதல் ஐவிஎஃப்பில், அதாவது லேபில் கருவாக்கும் சிகிச்சையில், எனக்கு 11 கருமுட்டை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து எண்ணிக்கையைக் கேட்டதும் நானும் கணவரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். மறுநாள் காலை லேபிலிருந்து போன். ஒன்றுகூடக் கருவாகவில்லை. விந்தணுப் பரிசோதனையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்று முழுக்க அழுதேன்.

அடுத்த முறைக்கு முன்னால், லேபில் கருவை உருவாக்கி வளர்க்கும் நிபுணரான எம்ப்ரியாலஜிஸ்ட்டிடமே நேரம் கேட்டு உட்கார்ந்தோம். தாளில் படம் போட்டு விளக்கினார். சாதாரண முறையில் முட்டையைச் சுற்றி விந்தணுக்களை விட்டுவிடுவார்கள். உள்ளே நுழைவது அவற்றின் பாடு. எங்களுக்குத் தடை அந்த இடத்தில்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். இக்ஸியில் ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியில் எடுத்து முட்டைக்குள்ளேயே செலுத்திவிடுவார்கள்.

இரண்டாம் முறை 9 முட்டை. சுற்றியிருந்த செல்களை நீக்கிப் பார்த்ததில் 7 மட்டுமே முதிர்ந்தவை. எண்ணிக்கையை மட்டும் கேட்டுச் சந்தோஷப்படக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. ஊசி போட்டுப் பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள் தெரிய வேண்டுமாம், ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. ஐந்தில் தெரிந்தன. ஐந்தாம் நாள் இரண்டு மட்டும் பிளாஸ்டோசிஸ்ட், அதாவது உள்ளே நீர் நிறைந்த வளர்ந்த கரு, ஆகியிருந்தன. என் சினைப்பைகள் வீங்கி உடம்பு தாங்காத நிலையில் இருந்ததால் இரண்டையும் உறைய வைத்தார்கள்.

முதல் கரு தங்கவில்லை. இரண்டாவதை உறைநிலையிலிருந்து வெளியே எடுத்த அன்று திரையில் காட்டினார்கள். கசங்கிய காகித உருண்டை மாதிரி சுருங்கிக் கிடந்தது. எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பக் காட்டியபோது விரிந்து, உள்ளே நீர் நிறைந்து, வட்டமாக இருந்தது. மகளுக்கு இப்போது மூன்று வயது.

—

அந்தச் சுருக்கத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், அதனால் எழுதுகிறேன். நான் லேபில் வேலை பார்க்கிறேன். செல்லுக்குள் நீர் இருந்தால் பனிப்படிகமாகிக் கருவைக் கிழித்துவிடும். அதனால் முதலில் நீரை வெளியே இழுத்துவிட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று முக்குகிறோம், கண்ணாடிபோல் இறுகிவிடும். நீர் போனதால்தான் அந்தச் சுருக்கம்.

அப்புறம் இன்னொன்று. ட்ரான்ஸ்ஃபர் நாளில், அதாவது கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாளில், சென்ட் போட வேண்டாம் என்று சொன்னால் தயவுசெய்து கேளுங்கள். காற்றில் கலக்கும் அந்த வேதிப்பொருள்கள் கருவைப் பாதிக்கலாம். கருக்கள் வளரும் பெட்டியான இன்குபேட்டரில் ஆக்சிஜனைக்கூட வெளிக்காற்றில் இருப்பதுபோல் 20 சதவீதம் விடாமல், உடம்புக்குள் இருப்பதுபோல் 5 சதவீதத்துக்குக் குறைத்து வைக்கிறோம். டிஷ்ஷை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நொடியும் எங்களுக்குப் பதற்றம்தான்.

—

எங்களிடம், கரு வளர்வதை விடாமல் படமெடுக்கும் கேமரா வைத்த டைம் லேப்ஸ் இன்குபேட்டருக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள். அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுமா என்று என் மனைவி நேராகக் கேட்டாள். 2024-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அப்படிக் கூடவில்லை என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். வேண்டாம் என்றோம். அவர்மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் எங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர்.