நீர்ச் சுத்திகரிப்பில் கணினி வேதியியல் முனைவர் ஆய்வு: உங்களை மடக்கிய கேள்வி எது?

ஆர்சனிக் நீக்கத்தில் பிஎச்டி செய்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "லேப் எங்கே?" என்பதுதான். லேப் இல்லை, பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டர்தான் என்றால் முகம் மாறும். தண்ணீரைத் தொடாமலே தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆள் என்று என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. அது பழகிவிட்டது. உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். உங்களுக்கும் அப்படி யாராவது வாய்த்திருந்தால் சொல்லுங்கள்.

எனக்கு வாய்த்தவர் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டிப் படுகைகளைக் கவனிக்கும் பொறியாளர். கருத்தரங்கு ஒன்றில் என் போஸ்டர் முன்னால் வந்து நின்றார். இரும்பு ஆக்சைடின் பரப்பில் ஆர்சனேட் (ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்த அயனி) எப்படி ஒட்டுகிறது என்று டிஎஃப்டி என்ற குவாண்டம் கணக்கு முறையில் கணக்கிடுவது என் வேலை. படத்தில் கோதைட் என்ற இரும்புக் கனிமத்தின் பரப்பு. அதன் மேல் ஓர் ஆர்சனேட் தன் ஆக்சிஜன்களில் இரண்டை அடுத்தடுத்த இரண்டு இரும்பு அணுக்களின் மேல் ஊன்றி நிற்கிறது. ஆர்சனிக்குக்கும் இரும்புக்கும் நடுவே சுமார் 3.3 ஆங்ஸ்ட்ராம். எக்ஸ் கதிர் உறிஞ்சல் அளவீட்டிலும் ஏறக்குறைய அதே தூரம்தான் வருகிறது என்பதால் அந்தப் படத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதில் பாஸ்பேட் எங்கே?" என்றார்.

பாஸ்பேட் வடிவத்திலும் மின்னூட்டத்திலும் ஆர்சனேட்டின் உடன்பிறப்பு மாதிரி. பரப்பில் அது உட்காரும் இடமும் அதே இடம். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நிலத்தடி நீரில் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும். தன் படுகைகள் சோதனைக்கூடக் கணக்கைவிடச் சீக்கிரமே தீர்ந்துபோவது இதனால்தான் என்றார் அவர். "தனியாக எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பது எனக்கு வேண்டாம். பக்கத்தில் பாஸ்பேட் இருந்தால் யார் ஜெயிப்பார்கள், அதைச் சொல்லுங்கள்."

யோசித்துப் பார்த்தால் கணக்குக்கும் அதுதான் தோதான கேள்வி. வெற்றிடத்தில் போட்ட ஒட்டும் ஆற்றல் எப்போதும் ஊதிப்போய்த்தான் வரும். பரப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் தண்ணீரைக் கிளப்பிவிட்டுத்தான் எந்த அயனியும் உட்கார முடியும்; அந்தச் செலவு அதில் சேராது. ஆனால் ஆர்சனேட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் பாஸ்பேட்டை வைத்து வித்தியாசத்தை மட்டும் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பிழைகள் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். என் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

போகிற போக்கில் ஆர்சனிக்கின் இன்னொரு வடிவமான ஆர்சனைட்டைப் பற்றியும் கேட்டார். அது பிஎச் 9-ஐத் தாண்டும் வரை பெரும்பாலும் மின்னூட்டமில்லாமலே இருக்கும், பிடிப்பது கடினம். அதனால் முதலில் குளோரின் போட்டு ஆர்சனேட் ஆக்கிவிட்டுத்தான் படுகைக்கு அனுப்புகிறார்களாம்.

இரும்போடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வோர் இரும்பு அயனியிலும் இணையில்லாத எலக்ட்ரான்கள் ஐந்து. கோதைட்டில் அவற்றின் காந்தத் திசை மேலும் கீழுமாக மாறி மாறி நிற்க வேண்டும். தொடக்கத்தில் அதைக் கையால் கொடுக்காவிட்டால் கணக்கு ஒரு விடையில் நிலைக்காமல் (கன்வர்ஜ் ஆகாமல்) ஓடிக்கொண்டே இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. தப்பான நிலையில் சமர்த்தாக முடிந்து ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால்தான் ஆபத்து.

* * *

நான் சவ்வுப் பக்கம்; மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மூலக்கூறு இயக்கவியல். என்னை மடக்கியவர் என் கட்டுரையை மதிப்பிட்ட, பெயர் தெரியாத ஒரு ரிவ்யூவர். கடல்நீர் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்ஓ) நிலையங்களில் அழுத்தம் 55 முதல் 70 பார் வரை இருக்கும். நாங்கள் கணினியில் 1000 பாருக்கு மேல் கொடுப்போம். வேறு வழியில்லை, நிஜ அழுத்தத்தில் சில நானோ வினாடி ஓட்டினால் எண்ணிப் பார்க்கப் போதுமான தண்ணீர் மூலக்கூறுகள் தாண்டாது. அப்புறம் நேர்விகிதம் என்று வைத்து வகுத்துக் கொள்வோம். "நேர்விகிதம்தான் என்று பல அழுத்தங்களில் ஓட்டிக் காட்டு" என்றார். நியாயம்தான்.

அடுத்த அடி தண்ணீர் மாதிரியில், அதாவது கணினியில் தண்ணீர் மூலக்கூறுக்கு நாங்கள் வைக்கும் உருவகத்தில். 1983-இல் வந்த டிப்3பி மாதிரித் தண்ணீர் நிஜத் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகப் பரவும். "உன் சவ்வின் வேகத்தில் சவ்வின் பங்கு எவ்வளவு, மாதிரியின் பங்கு எவ்வளவு?" டிப்4பி/2005 என்ற வேறொரு மாதிரிக்கு மாறி எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். எண்கள் சரிந்தன, ஆனால் எந்தத் துளை அளவு நல்லது என்ற வரிசை மாறவில்லை. கைடுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

* * *

எனக்கு வைவாவில், முனைவர் வாய்மொழித் தேர்வில். பிஎஃப்ஓஏ என்ற, எளிதில் சிதையாத ஃப்ளோரின் மாசின் மூலக்கூறு கார்பன் பரப்பில் ஒட்டுவது என் தலைப்பு. தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார்: "உங்கள் பெட்டியில் செறிவு எவ்வளவு?"

அங்கேயே போர்டில் போட்டேன். கணினியில் நான் வைத்த பெட்டிக்குள் 5000 தண்ணீர் மூலக்கூறு, ஒரே ஒரு பிஎஃப்ஓஏ. லிட்டருக்குச் சுமார் 4.6 கிராம் வருகிறது. குடிநீரில் அதற்கு அமெரிக்கா 2024-இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஒற்றை மூலக்கூறை வைத்தாலே நூறு கோடி மடங்குக்கு மேல்! அறையில் சிரிப்பு.

பதில் கையில் இருந்தது. பெட்டி போதுமான அளவு பெரிதாக இருந்தால் அந்த மூலக்கூறுக்குத் தன் இனத்தில் பேச ஆளே இல்லை. செறிவு எண் எதுவானாலும் அது நீர்த்த கரைசலில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். அதனால்தான் ஒன்றை மட்டும் பரப்பிலிருந்து படிப்படியாக விலக்கி கட்டற்ற ஆற்றலைக் கணக்கிடுகிறோம். பெட்டியை இரட்டிப்பாக்கி ஓட்டிய வரைபடத்தையும் காட்டினேன். அந்தக் கணக்கை முறைகள் அத்தியாயத்தில் இரண்டு வரியாகச் சேர்க்கச் சொன்னார். அவர் கேட்ட திருத்தம் அது ஒன்றுதான்.