0.050-ல் ஒரே டியூரேஷன், லோப் மட்டும் இரண்டு: 355 இன்ஜின் கேமுக்கு எது?

கேள்வி | கிராங்க்பிரியன்

ஷெவ்ரோலெட்டின் 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினின் சிலிண்டர்களை 0.030 அங்குலம் பெரிதாக்கி (போர் போட்டு) 355 ஆக்கியிருக்கிறேன். ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், கனெக்டிங் ராட் 5.7, கம்ப்ரஷன் 10:1. ஹைட்ராலிக் ஃப்ளாட் டாப்பெட் (ரோலர் இல்லாமல், தட்டை அடியோடு கேமின் மேல் உரசி ஏறும் லிஃப்டர்), 1.5 ராக்கர் (லிஃப்டரின் ஏற்றத்தை 1.5 மடங்காக்கி வால்வுக்குக் கொடுப்பது), மேனுவல் கியர்பாக்ஸ். வண்டி பெரும்பாலும் ரோட்டில்தான் ஓடும், எப்போதாவது டிராக். 6000 ஆர்பிஎம் தாண்டும் எண்ணம் இல்லை. பிரேக்குக்கு வேக்குவம் பூஸ்டர் உண்டு.

கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) அரைப்பவர் இரண்டு லோப் (அந்தத் தண்டில் வால்வைத் தூக்கும் மேடு) சொல்லியிருக்கிறார். ஒன்று அட்வர்டைஸ்டு டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் மொத்த அளவு, கிராங்க் டிகிரியில்) 274 டிகிரி, லோப் லிஃப்ட் (மேட்டின் உயரம்) 0.325 அங்குலம். இன்னொன்று 286 டிகிரி, லிஃப்ட் 0.320. 0.050-ல், அதாவது லிஃப்டர் 0.050 அங்குலம் ஏறிய இடத்திலிருந்து மறுபடி அதே அளவுக்கு இறங்கும் வரை, இரண்டுமே 230. லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் உச்சிகளுக்கு இடையிலான கேம் டிகிரி) 110, இன்டேக் சென்டர்லைன் (பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி இன்டேக் லோப் உச்சி வரும் கிராங்க் டிகிரி) 106 என்பதும் பொது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே லோப்தான். 0.050 எண் ஒன்றாக இருக்கும்போது ஓட்டத்தில் என்ன மாறும்?

பதில் | ஸ்பிரிங்ரேட்

286-ஐ எடுங்கள். ரேம்ப் (லோபின் ஏறி இறங்கும் சரிவு) மெதுவானது, ஸ்பிரிங்கும் லிஃப்டரும் நெடுநாள் உழைக்கும். ஃப்ளாட் டாப்பெட்டில் வேகமான லோப் என்றாலே எனக்குப் பயம்.

பதில் | டிகிரிவீல்

ஸ்பிரிங்ரேட் சொல்லும் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் இந்த இன்ஜினுக்கு நான் 274-ஐத்தான் போடுவேன்.

0.050 எண் லோபின் நடுப்பகுதியைத்தான் சொல்கிறது. வால்வு எப்போது முழுசாக மூடுகிறது என்பது அதில் தெரியாது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறத் தொடங்குவது இன்டேக் மூடிய பிறகுதான், அதனால் எந்த கேம் கார்டு (கேமின் அளவுத் தாள்) கைக்கு வந்தாலும் நான் முதலில் கணக்குப் போடுவது அந்த இடத்தைத்தான். டியூரேஷனில் பாதியோடு சென்டர்லைனைக் கூட்டி 180-ஐக் கழியுங்கள். 274-க்கு 137 + 106 – 180, அதாவது பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி 63 டிகிரியில் வால்வு மூடுகிறது. 286-க்கு அதே கணக்கு 69. உங்கள் ஸ்ட்ரோக், ராட் நீளத்துக்கு டைனமிக் கம்ப்ரஷன் (இன்டேக் மூடிய பிறகு உண்மையில் நடக்கும் கம்ப்ரஷன்) முதல் லோபில் சுமார் 8.1, இரண்டாவதில் 7.7. குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்.

ஓவர்லேப்பையும், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அளவையும், பாருங்கள். டியூரேஷனிலிருந்து லோப் செபரேஷனின் இரண்டு மடங்கைக் கழித்தால் 274-க்கு 54 டிகிரி, 286-க்கு 66. ஓவர்லேப் கூடினால் ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவம் சரியும். அந்த வேக்குவத்தில் இயங்கும் பூஸ்டர் வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்டப்போகிறவருக்கு இது பிரேக் விஷயம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

இப்போது அந்தப் பயம். அட்வர்டைஸ்டு எண்ணுக்கும் 0.050 எண்ணுக்கும் உள்ள இடைவெளி முதல் லோபில் 44 டிகிரி, இரண்டாவதில் 56. இடைவெளி குறையக் குறைய ரேம்ப் முரட்டுத்தனமாகிறது. ஃப்ளாட் டாப்பெட்டில் இதற்கு ஒரு எல்லை உண்டு, அதை வைப்பது லிஃப்டரின் விட்டம். லிஃப்டர் வேகமாக ஏற ஏற, லோப் அதைத் தொடும் இடம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். உங்கள் பிளாக்கில் லிஃப்டர் விட்டம் 0.842 அங்குலம். கணக்குப்படி லிஃப்டரின் ஏற்றம் ஒரு கேம் டிகிரிக்கு சுமார் 0.0073 அங்குலத்துக்கு மேல் போனால் லோப் லிஃப்டரின் விளிம்பைக் கடித்துவிடும். கிரைஸ்லர் வி8-களில் லிஃப்டர் 0.904, அங்கே இன்னும் வேகமான லோப் அரைக்கலாம். அதனால் கேம் அரைப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த லோப் 0.842-க்கென்றே வரைந்ததா? ஆம் என்றால் தைரியமாகப் போடுங்கள்.

மூடும் பக்கத்தையும் விசாரியுங்கள். நல்ல லோபில் திறக்கும் ரேம்ப் வேகமாகவும் மூடும் ரேம்ப் கொஞ்சம் நிதானமாகவும் இருக்கும். கதவை அறைந்து சாத்துவதற்கும் கைபிடித்துச் சாத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அறைந்தால் வால்வு சீட்டில் துள்ளும், துள்ளினால் மேல் ஆர்பிஎம்மில் பவர் விழும், சீட்டும் கெடும்.

ஸ்பிரிங் புதுசாகவே இருக்கட்டும், கேமுக்குப் பரிந்துரைத்ததையே வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கோடு 274 போடுவதென்றால் ஸ்பிரிங்ரேட் சொன்னதே சரி.

பதில் | கிராங்க்பிரியன்

நன்றி அண்ணா. 0.842-க்கு வரைந்ததுதான் என்று கேம் அரைப்பவர் உறுதியாகச் சொல்லிவிட்டார், மூடும் பக்கம் நிதானமாம். 274 என்று முடிவு செய்துவிட்டேன். கையில் ஒரு செட் 1.6 ராக்கர் சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா?

பதில் | டிகிரிவீல்

முதலில் 1.5-லேயே ஓட்டுங்கள். 0.325 லோபுக்கு வால்வு லிஃப்ட் 0.4875 வரும், 1.6 போட்டால் 0.520. லிஃப்டோடு வால்வின் வேகமும் அதே விகிதத்தில் ஏறும், ஏற்கெனவே வேகமான லோப் இது. பிறகு மாற்றுவதென்றால் ஃபுல் லிஃப்டில் ஸ்பிரிங் முழுசாக அமுங்க இன்னும் 0.060 அங்குலமாவது பாக்கி இருக்கிறதா, ரீடெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் தட்டு) வால்வு கைடின் சீலில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளியை ஃபுல் லிஃப்டில் அளந்து பிரயோஜனம் இல்லை. இரண்டும் நெருங்குவது மேல்முனைக்கு அக்கம்பக்கம் பத்து டிகிரி வாக்கில். அங்கே இன்டேக்குக்கு 0.080, எக்ஸாஸ்டுக்கு 0.100 வேண்டும்.

முதல் ஸ்டார்ட் மிக முக்கியம். லோபுக்கும் லிஃப்டரின் அடிப்பக்கத்துக்கும் அசெம்பிளி பேஸ்ட், ஜிங்க் கூடுதலான ஆயில். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000-க்கு மேல் ஏற்றி, ஆர்பிஎம்மை மாற்றி மாற்றி இருபது முப்பது நிமிஷம் ஓட்டுங்கள். ஸ்பிரிங் டபுள் என்றால் அதுவரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது நல்லது. லிஃப்டர் சுழல வேண்டும், சுழலாத லிஃப்டர் லோபைத் தின்றுவிடும். வால்வு கவரை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு புஷ்ராடிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, இன்ஜினைச் சுற்றும்போது அந்தக் கோடு மெல்லத் திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

பதில் | ஸ்பிரிங்ரேட்

புது ஸ்பிரிங் என்றால் எனக்கும் 274 சம்மதம். சென்டர்லைனை டயல் கேஜில் பார்க்கும்போது, உச்சிக்கு இருபக்கமும் 0.050 இறங்கி நடுப்புள்ளி எடுத்தால் போதும்தானே?

பதில் | டிகிரிவீல்

இந்த லோபுக்குப் போதாது. திறப்பும் மூடலும் ஒரே வளைவில் இல்லாததால், அந்த நடுப்புள்ளி உண்மையான உச்சியில் விழ வேண்டியதில்லை. 0.050-ல் திறக்கும் இடத்தையும் மூடும் இடத்தையும் தனித்தனியாகப் படித்து கார்டோடு ஒப்பிடுங்கள். சமச்சீர் லோபாக இருந்தால் மேல்முனைக்கு 9 டிகிரி முன்னால் திறந்து, கீழ்முனைக்கு 41 டிகிரி பின்னால் மூடும். உங்கள் கார்டில் இதிலிருந்து சற்று விலகியிருக்கலாம், கார்டையே நம்புங்கள். திறப்பும் மூடலும் இரண்டிரண்டு டிகிரி தாமதமாக வந்தால் கேம் 2 டிகிரி பின்தங்கி உட்கார்ந்திருக்கிறது, கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் கீவே (ஸ்ப்ராக்கெட்டைப் பொருத்தும் காடி) மாற்றி முன்னால் கொண்டுவாருங்கள்.