எச்டிடிபிஎஸ் விவரம் ஸ்கிரிப்டுக்கு: ஹெடரா, சர்வர் மாறியா?

முகில்: லோட் பேலன்சருக்கு (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் முன்வாசல்) பின்னால் வேர்ட்பிரஸ் வைத்தால் 'எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ' என்ற ரீடைரக்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். என்கிரிப்ஷன் பேலன்சரிலேயே முடிந்து உள்ளே சாதா எச்டிடிபியாக வருகிறது, வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பிக்கு, இணைப்பு என்கிரிப்ட் ஆனது என்று சர்வர் சொல்லும் எச்டிடிபிஎஸ் மாறி கிடைப்பதில்லை. வெளியில் வந்தது எச்டிடிபிஎஸ்ஸா என்று பேலன்சர் எழுதும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரை (கோரிக்கையோடு வரும் குறிப்பு வரி) பார்த்து கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி போட்டால் முடிந்தது. இதற்கு ஹெடரா, சர்வர் மாறியா என்று ஏன் இவ்வளவு சண்டை?

நிலா: அந்த ஹெடரை கர்ல் (கோரிக்கை அனுப்பும் கட்டளைக் கருவி) வைத்திருக்கிற யாரும் அனுப்பலாமே! வெப் சர்வர் ஸ்கிரிப்டுக்கு விவரம் தருவது பற்றி 2004-இல் வந்த சிஜிஐ விதி, ஆர்எஃப்சி 3875, என்ன சொல்கிறது? கிளையன்ட் அனுப்பும் ஹெடர் ஸ்கிரிப்டுக்கு வரும்போது பெயருக்கு முன்னால் எச்டிடிபி_ ஒட்டிக்கொள்ளும். அப்பாச்சி வெப் சர்வர் வைக்கும், கிளையன்ட் சான்றிதழ் சரியா என்று சொல்லும் எஸ்எஸ்எல்_கிளையன்ட்_வெரிஃபை மாறியில் அந்த ஒட்டு இல்லை, வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது.

முகில்: அந்த மாறி சும்மா வராது. எச்டிடிபிஎஸ் போல ஓரிரண்டு மாறிதான் தானாக வரும், மற்றதுக்கு எஸ்டிடி-என்வ்-வார்ஸ் (StdEnvVars) ஆப்ஷன் போட வேண்டும், வேகம் கருதி அப்பாச்சியே அதை அணைத்துத்தான் தருகிறது. என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸிக்கு (கோரிக்கையை வாங்கி உள்ளே கடத்தும் சர்வர்) பின்னால் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஆப்) ஓடினால் ஹெடரை விட்டால் வழி? ப்ராக்ஸி தன் மதிப்பை எழுதும்போது கிளையன்ட் அனுப்பியது போய்விடும்.

நிலா: போய்விடும் என்று நம்புகிறீர்கள், அங்கேதான் இருக்கிறது வினை. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கின் சர்வர் பிளாக்கில், உள்ளே போகும் ஹெடரை எழுதும் ப்ராக்ஸி_செட்_ஹெடர் வரிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். யாரோ ஒரு லொகேஷனுக்குள் (குறிப்பிட்ட முகவரிப் பாதைக்கான உள்பிளாக்) ஹோஸ்ட் ஹெடருக்காக அதே மாதிரி ஒரே ஒரு வரி சேர்ப்பார். அவ்வளவுதான், மேலே எழுதிய ஒரு வரியும் அந்த லொகேஷனுக்கு இறங்காது, சான்றிதழ் சரிபார்த்தாயிற்று என்று வெளியாள் ஹெடரில் எழுதி அனுப்பிய 'சக்சஸ்' நேராக நோடுக்குப் போகும். கான்ஃபிக் டெஸ்ட் போட்டுப் பாருங்கள், எல்லாம் சரி என்றுதான் சொல்லும்.

பாலா: நீங்கள் இருவரும் வேறு வேறு விஷயம் பேசுகிறீர்கள். எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதற்கு ஹெடர் போதும், அனுப்புகிறவன் அதில் பொய் சொன்னாலும் பெரும்பாலும் அவன் வேலைதான் கெடும். கிளையன்ட் சான்றிதழ் வைத்து லாகின் என்றால் கதை வேறு. ப்ராக்ஸி அந்தச் சான்றிதழை உள்ளே சொல்லும் கிளையன்ட்-சர்ட் ஹெடருக்கு 2023-இல் ஆர்எஃப்சி 9440 வந்ததே, அதுவும் வெளியிலிருந்து வரும் அதே பெயர் ஹெடரை ப்ராக்ஸி நீக்கியோ, தன் மதிப்பால் மாற்றியோ தீர வேண்டும் என்கிறது. ஆப் போர்ட்டையும் ப்ராக்ஸிக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

முகில்: ஒவ்வொரு லொகேஷனையும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

நிலா: பிஎச்பி என்றால் என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ பாராமில் (ஹெடர் இல்லாமல் நேராகச் சர்வர் மாறியாகக் கொடுக்கும் வரி) அனுப்புங்கள், ஹெடர் தொல்லையே இல்லை. நோட் என்றால் ஹெடர் வரிகளை ஒரே கோப்பில் வைத்து, ப்ராக்ஸி இருக்கிற லொகேஷன் எல்லாவற்றிலும் இன்க்ளூட் போடுங்கள், அப்புறம் போலி ஹெடரோடு ஒரு கர்ல் அடித்துப் பாருங்கள்.