அப்பாவோட கான்டெசா ஊர்ல நிக்குது, நாம இங்க வந்துட்டோம், எப்படி விக்கறது

டொரன்டோ தம்பி கேட்டதுக்கு கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன், இதே கேள்வி வேற வேற ஆளுங்ககிட்டேர்ந்து வந்துகிட்டே இருக்கு, ஒருத்தருக்கு அம்பாசடர், ஒருத்தருக்கு பத்மினி, இவருக்கு கான்டெசா, எல்லாமே அந்த காலத்து கார். விஷயம் இதான்: அப்பா தவறிட்டாரு, வண்டி பாபநாசம் பக்கம் வீட்டு கொட்டகையில நிக்குது, ஆர்சி அப்பா பேர்லயே இருக்கு, வீட்ல அம்மாவும் பக்கத்து ஊர்ல கட்டிக்குடுத்த அக்காவும், இவரு கனடா வந்து ஒரு வருஷம் கூட ஆகல, ஒரு பார்ட்டி வந்து முழு காசையும் கையில வெச்சுட்டு அப்படியே ஓட்டிட்டு போறேங்கறான், பேர் மாத்தறத அப்பறம் பாத்துக்கலாம்ங்கறான், குடுத்துடலாமான்னு கேக்கறாரு.

குடுக்காதீங்க தம்பி. காசு கைக்கு வந்தாலும் ஆர்டிஓ ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவங்கதான் சட்டப்படி ஓனர். 2018ல சுப்ரீம் கோர்ட்டே இத தெளிவா சொல்லிடுச்சு, வண்டிய வித்து அது பல கை மாறி கடைசியில ஆக்சிடென்ட் ஆச்சு, ஆனா பேர் மாத்தாம இருந்ததால நஷ்டஈடு முதல்ல வித்தவர் தலையிலதான் விழுந்துச்சு. உங்க கேஸ்ல ரெக்கார்டுல இருக்கறவரு உயிரோடவே இல்ல, அப்ப போலீஸ் நோட்டீஸோ கோர்ட் சம்மனோ வந்தா நேரா வீட்டு வாசலுக்குத்தான் வரும், அத கையெழுத்து போட்டு வாங்கப்போறது அம்மா. நீங்க இங்க நடுராத்திரில போன எடுத்து என்னம்மா என்னம்மான்னு கேட்டுகிட்டு இருப்பீங்க.

அதனால முதல்ல பேர் மாத்தணும், அப்பறம்தான் விக்கணும். இதுல நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றது ஒண்ணுதான், வண்டிய உங்க பேருக்கு மாத்தாதீங்க, அம்மா பேருக்கு மாத்துங்க. ஆம்பளப்புள்ள பேர்லதான் இருக்கணும்னு சித்தப்பா பெரியப்பா யாராவது ஆரம்பிப்பாங்க, கண்டுக்காதீங்க. உங்க பேருக்கு வந்துட்டா விக்கறதுக்கு நீங்க நேர்ல போகணும், இல்லன்னா பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அனுப்பணும், அத தூதரகத்துலயோ இல்ல நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கி அப்போஸ்டில்ங்கற, வெளிநாட்டுலயும் செல்லற அரசாங்க முத்திரை மூலமாவோ அத்தாட்சி பண்ணணும், பத்திரம் இந்தியா போய் சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள அங்க ஸ்டாம்ப் டியூட்டி கட்டணும், வர்ற காசு உங்க என்ஆர்ஓ அக்கவுன்ட்டுக்கு, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க இந்தியாவுல வெச்சுக்கற அக்கவுன்ட்டுக்கு போகணும். இவ்வளவும் முப்பது வருஷத்து வண்டி ஒண்ணுக்காக. அம்மா பேர்ல இருந்தா அம்மா கையெழுத்து, அம்மா ஆதார், அம்மா பேங்க், கதை முடிஞ்சுது. உங்க பக்கத்துலேர்ந்து போகவேண்டியது அம்மா பேருக்கு மாத்த எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு அபிடவிட் மட்டும்தான். கனடாவுலயும் 2024 ஜனவரிலேர்ந்து அப்போஸ்டில் வந்துடுச்சு, அதனால கான்சுலேட் அப்பாயின்ட்மென்ட்டுக்கு மட்டுமே காத்து கெடக்க வேண்டியதில்ல, ஆனா அபிடவிட் எழுதறதுக்கு முன்னாடி எந்த மாதிரி வேணும்னு அக்காவ விட்டு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு அந்த வாசகத்தையே வாங்கிக்குங்க, இங்க ஒரு மாதிரி எழுதி அனுப்பி அங்க அது செல்லாதுன்னு திரும்பி வந்தா வெறுத்துடும்.

வாரிசு யார் யாருங்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. நாம அம்மா, நான், அக்கான்னு மூணு பேர்னு நெனச்சுக்கறோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரோட தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. அப்பாயி உயிரோட இருந்தா அவங்களுக்கும் சம பங்கு உண்டு, வாரிசு சான்றிதழ்ல அவங்க பேரும் வரும், ஆட்சேபணை இல்லைன்னு அவங்க கைநாட்டும் வேணும். மன்னார்குடி பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்ல இது தெரியாம எல்லா பேப்பரையும் ரெடி பண்ணிட்டு கடைசியில பாட்டிய ஆட்டோல ஏத்திகிட்டு நோட்டரிகிட்ட போனாங்க, பாட்டி அங்க போய் வண்டிய ஏண்டா விக்கறீங்க என் புள்ள ஆசையா வாங்குனதுன்னு ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் ரேகை வெச்சாங்க.

பேப்பர் வேலைய வரிசையா சொல்றேன். இறப்பு சான்றிதழ் கையில வந்ததும் வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல போடுங்க, விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிஞ்சு தாசில்தார் குடுப்பார். அப்பறம் ஃபாரம் 31, இறந்தவர் பேர்லேர்ந்து வாரிசு பேருக்கு மாத்தறது. ஓனர் இறந்தத 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிக்கணும், மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31 போடணும்னு விதி. நம்ம வீடுகள்ல காரியம் முடிஞ்சு ஒரு வழி ஆகறதுக்குள்ளயே அது ஓடிடும், பரவால்ல, லேட்டானா அதுக்கான ஃபைன கட்டிட்டு போடுங்க, ஆனா லேட் ஆயிடுச்சேன்னு விட்டுடாதீங்க. பழைய லோன் எதாவது ஆர்சில ஹைபோதிகேஷன்னு இன்னும் காட்டுதான்னு பாருங்க, அப்பா எப்பவோ கட்டி முடிச்சிருப்பார், கேன்சல் பண்ணிருக்க மாட்டார், அதுக்கு ஃபாரம் 35ம் பேங்க் லெட்டரும் வேணும்.

பேர்ல எழுத்து மாறறதுதான் பெரிய தலைவலி. ஆர்சில இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, இறப்பு சான்றிதழ்ல இனிஷியலே விரிச்சு எழுதி. இவரும் அவரும் ஒருவரேன்னு ஒரு அபிடவிட் முன்கூட்டியே போட்டு வெச்சுக்குங்க.

அடுத்தது டெல்டாக்காரங்களுக்குன்னே இருக்கற சிக்கல். 90கள்ல வாங்குன வண்டி பாதி TN 49னு தஞ்சாவூர்ல பதிவானது. 1991ல நாகப்பட்டினம் தனி மாவட்டமா பிரிஞ்சுது, 1997ல திருவாரூர், 2020ல மயிலாடுதுறை, நடுவுல கும்பகோணத்துக்கு TN 68னு தனியா வந்துடுச்சு. இப்ப உங்க வீடு ஒரு ஆபீஸ் எல்லையில, வண்டி ரெக்கார்டு இன்னொரு ஆபீஸ்ல. அதோட அந்த காலத்து பதிவெல்லாம் பெரிய லெட்ஜர்ல கையால எழுதுனது, எல்லாமே வாகன்ங்கற அரசாங்க கம்ப்யூட்டர் சிஸ்டத்துல ஏறல. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர போட்டு பாருங்க, விவரம் வரலன்னா பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய லெட்ஜர் பதிவ கம்ப்யூட்டர்ல ஏத்தறது, அத பண்ணச் சொல்லி ஒரிஜினல் ஆர்சியோட பழைய ஆபீஸ்ல எழுதிக்குடுக்கணும், அது ஏறாம மேற்கொண்டு எந்த ஆன்லைன் அப்ளிகேஷனும் நகராது. அதனால முதல் வேலையா இத பாருங்க, பார்ட்டி வந்தப்பறம் இல்ல.



அடுத்தது எஃப்சி, அதாவது வண்டி ஓட்டற தகுதியில இருக்குன்னு பாத்து பதிவ நீட்டிக்கற விஷயம். 15 வருஷம் முடிஞ்சப்பறம் சொந்த வண்டிக்கு அஞ்சஞ்சு வருஷமாத்தான் ரெனிவல். 1994 வண்டின்னா 2009, 2014, 2019, கடைசியா 2024ல பண்ணிருக்கணும். அப்பா உடம்பு முடியாம இருந்த சமயம்னா விட்டுப்போயிருக்கும். லேட்டானதுக்கு காருக்கு மாசம் 500 ரூபா ஏறும், 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டுன காருக்கு ரெனிவல் ஃபீஸையே 10,000 ரூபாயா ஏத்துனாங்க, பசுமை வரி தனி. இத யார் கட்டறதுன்னு விலை பேசும்போதே பேசிடணும். விண்டேஜ்னு பதிஞ்சா இதெல்லாம் வேணாமேன்னு ஒரு புரோக்கர் சொன்னானாம். முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டுனாத்தான் விண்டேஜ், கான்டெசா உற்பத்தியே 1984லதான் ஆரம்பம், அப்ப எப்படிங்க?

வண்டிய பத்தி கொஞ்சம். இன்டர்நெட்ல இத இந்தியாவோட மசில் கார், அதாவது பெரிய என்ஜின் போட்ட முரட்டு வேக கார்ங்கறாங்க. உருவத்த வெச்சு சொல்றதுதான் அது, நீளமான மூக்கு, அகலமான உடம்பு, பின்சக்கர டிரைவ். அமெரிக்காக்காரன் மசில் கார்னு சொல்ற 1964 போன்டியாக் ஜிடிஓல 6.4 லிட்டர் வி8 என்ஜின், நம்ம கான்டெசால ஆரம்பத்துல இருந்தது அம்பாசடருக்கு போட்ட அதே 1.5 லிட்டர் பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனி என்ஜின், அவ்வளவு பெரிய உடம்ப அது இழுக்கவே திணறும். பின்னாடி ஜப்பான் கம்பெனி இசுசுவோட 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் அஞ்சு கியரும் வந்தப்பறம்தான் கான்டெசா கிளாசிக்குக்கு மவுசு. இன்னிக்கு தேடி வர்றவங்க பெரும்பாலும் கேக்கறது அந்த 1.8 பெட்ரோலத்தான். டீசல்ல இசுசு 2.0 கம்பெனியே போட்டது உண்டு, ஆனா ஊர் பட்டறையில பெட்ரோல் என்ஜின கழட்டிட்டு வேற எதோ டீசல் என்ஜின ஏத்துனதும் நெறைய. அப்பா அப்படி மாத்திருந்தா ஆர்சில அது ஏறியிருக்கான்னு பாருங்க, ஆர்டிஓ இன்ஸ்பெக்‌ஷன்ல சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் ரெண்டையும் பேப்பர வெச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுப்பாங்க, ஒத்துப்போகலன்னா அங்கயே நிக்கும்.

விக்கறதுக்கு முன்னாடி டிங்கரிங் பண்ணி பளபளன்னு பெயிண்ட் அடிச்சுடலாம்னு தோணும். வேணாம். விஷயம் தெரிஞ்சவன் புது பெயிண்ட பாத்தா உள்ள என்ன துருவ மறைச்சிருக்கானுங்கன்னுதான் யோசிப்பான். நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை மழையும் நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கத்து உப்புக்காத்தும் பழைய தகரத்த என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும், கதவு அடிப்பாகம், டிக்கி தளம், வீல் ஆர்ச், மேட்டுக்கு கீழ தரை, இந்த நாலையும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வாங்க வர்றவன்கிட்ட மறைக்காம காட்டுங்க. பக்கத்துல வைக்கோல் போர் இருந்தா எலி வயரிங்க கடிச்சிருக்கும், அத பாக்காம பேட்டரிய மாட்டிடாதீங்க. டேங்க்ல கெடக்கற பழைய பெட்ரோல வடிச்சுட்டு, கார்புரேட்டர கழுவி, ரப்பர் ஓஸ் மாத்தி, பிரேக்க பாத்து, வண்டி தானா ஸ்டார்ட் ஆகி தானா நகர்ற அளவுக்கு கொண்டுவாங்க, அது போதும். அதையும் வீட்டு வாசல்லயே வெச்சு பண்ணச் சொல்லுங்க. ஷெட்டுல மாசக்கணக்கா விட்டா ஒரிஜினல் வீல் கப்பும் மீட்டரும் எங்க போச்சுன்னே தெரியாது. பழைய பில், மேனுவல், ரெண்டாவது சாவி, டூல்ஸ் பை எல்லாம் பீரோல தேடச் சொல்லுங்க, அதுக்கெல்லாம் தனி மதிப்பு இருக்கு.

யாருக்கு விக்கலாம்? லோக்கல்ல மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்காரம் பண்ணி விடறவங்க கேப்பாங்க, ஆனா விலை கம்மியா பேசுவாங்க. சென்னை, கோயமுத்தூர், கேரளா பக்கம் பழைய வண்டி சேக்கறவங்கதான் சரியான ஆளு. கேரளா பார்ட்டின்னா வண்டிய வேற மாநிலத்துக்கு மாத்த ஆட்சேபணை இல்லைங்கற என்ஓசிக்கு ஃபாரம் 28 போடணும், வேலை கூடும், ஆனாலும் நல்ல விலைன்னா பண்ணலாம். டெல்லி பார்ட்டின்னா விட்டுடுங்க, அங்க 15 வருஷம் தாண்டுன பெட்ரோல் வண்டியால எவ்வளவு பிரச்சனைன்னு பேப்பர் படிச்சாலே தெரியும். நேரத்தையும் பாத்துக்குங்க, ஆடிலயும் மார்கழிலயும் அட்வான்ஸ் குடுக்கவே நம்ம ஆளுங்க தயங்குவாங்க, சம்பா அறுவடை முடிஞ்சு காசு பொழங்கற தை மாசி நல்லது. ஆன்லைன்ல விளம்பரம் போட்டா ராணுவத்துல இருக்கேன், வண்டிய பாக்காமலே வாங்கிக்கறேன், க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணுங்க காசு வரும்னு ஒருத்தன் கட்டாயம் வருவான். காசு வாங்கறதுக்கு ஸ்கேன் பண்ணவே வேணாம்னு அம்மாகிட்டயும் அக்காகிட்டயும் நாலு தடவ சொல்லி வைங்க.

காசு முழுக்க பேங்க் வழியாவே வரட்டும். ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டப்படியே தப்பு, பிடிபட்டா வாங்குன தொகையவே அபராதமா கேப்பாங்க. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த கார வித்தா பொதுவா மூலதன ஆதாய வரி கிடையாது, அது சொந்த உபயோகப் பொருள்ங்கற கணக்குல போயிடும், ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. அம்மா அதுல உங்களுக்கு எதாவது குடுத்தா உங்க என்ஆர்ஓ அக்கவுன்ட்டுல போடச் சொல்லுங்க. இன்னும் பழைய சேவிங்ஸ் அக்கவுன்ட்டையே வெச்சிருக்கீங்கன்னா முதல்ல அத என்ஆர்ஓவா மாத்துங்க, வெளிநாட்டுல குடியேறினவங்க சாதாரண சேவிங்ஸ் வெச்சுக்க ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டத்துல இடமில்ல.

கத்தார்லேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, அப்பா நல்லா இருக்காரு, வண்டிய விக்கற எண்ணமும் இல்ல, இப்ப என்ன பண்ணி வைக்கலாம்னு. சொல்ல சங்கடமாத்தான் இருக்கும், ஆனா 2021லேர்ந்து ஆர்சில நாமினி பேர் சேக்க முடியும்மா, அப்பாவையே அம்மா பேர போடச் சொல்லுங்க.

வண்டிய இங்கயே கப்பல்ல கொண்டாந்துடலாமான்னு கேட்ட அண்ணனுக்கு: வாங்குன காச விட கப்பல் செலவு கூட ஆகும்ணே, பார்ட்ஸும் கெடைக்காது.

கடைசியா சாவி குடுக்கற அன்னிக்கு. வண்டிய வித்துட்டோம்னு தெரிவிக்கற ஃபாரம் 29 ரெண்டு காப்பி, வாங்கறவர் பேருக்கு மாத்தறதுக்கான ஃபாரம் 30, வாங்கறவரோட ஆதார் பான் நகல், தேதியோட நேரத்தையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட டெலிவரி நோட், எல்லாத்தையும் போட்டோ எடுத்து அக்கா உங்களுக்கு அனுப்பட்டும். ஃபாரம் 29ஐ நாமளே ஆர்டிஓல குடுத்து ரசீது வாங்கணும், தமிழ்நாட்டுக்குள்ளன்னா 14 நாளுக்குள்ள, வெளி மாநிலம்னா 45 நாளுக்குள்ள, அத வாங்கறவன் பாத்துப்பான்னு விடக்கூடாது. இன்சூரன்ஸ் உயிரோட இல்லாத வண்டிய டெஸ்ட் டிரைவுக்கு கூட ரோட்டுல இறக்க வேணாம், அப்பா பேர்ல இருந்த பாலிசி அவர் தவறி மூணு மாசம் வரைக்கும், இல்ல பாலிசி முடியற வரைக்கும், எது முன்னாடியோ அதுவரைக்கும்தான் வாரிசுக்கு செல்லும். அப்பறம் வாரா வாரம் எம்பரிவாகன்ல நம்பர போட்டு பேர் மாறிடுச்சான்னு பாருங்க. கண்ணாடில ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தா அத கிழிச்சுட்டு பேங்க்ல சொல்லி க்ளோஸ் பண்ணிடுங்க, இல்லன்னா அவன் திருச்சி டோல்கேட் தாண்டும்போதெல்லாம் காசு உங்க வீட்டு அக்கவுன்ட்டுலேர்ந்து போகும்.