பெயரை வெட்டும் பயிற்சி: உங்களுக்கு என்ன நடந்தது?

செம்பனை டீச்சர், சுங்கை சிப்புட்:
இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் பைத்தான் (கணினி நிரல்மொழி) வகுப்பு, எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். முழுப்பெயரை வாங்கி, ஸ்பிளிட் போட்டு இடைவெளியில் வெட்டி, கடைசித் துண்டுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் பெயருக்கு எழுதிய பயிற்சி, வேறென்ன! ஒரு பாப்பாவுக்கு ‘வணக்கம், மிஸ் முனியாண்டி’ என்று வந்தது. அது அவள் அப்பா பெயர். மலேசியத் தமிழர் பெயரில் நடுவே வரும் ஏ/பி என்றால் ‘இன்னாரின் மகள்’, ஏ/எல் என்றால் ‘இன்னாரின் மகன்’. வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் நடுத்துண்டைக் காட்டி, “ஏ/பி என்னோட நடுப்பெயரா டீச்சர்?” என்று கேட்டாள்.

லயத்துப் பையன்:
எனக்கு ஏ/எல்லில் வரும் அந்தச் சாய்கோடுதான் வில்லன். கல்லூரியில் பெயரோடு ‘.டிஎக்ஸ்டி’ சேர்த்து ஃபைல் திறக்கும் பயிற்சி. மகன் என்பதற்கு ‘பின்’ போட்ட மலாய் நண்பனுக்கு ஓடியது. எனக்கு ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டது. விரிவுரையாளர் எட்டிப் பார்த்து, “பெயரை மாற்றிப் போடு” என்றார். நிரலை இல்லை, பெயரை!

பழைய கிராணி:
டீச்சர், பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பேஸில் வெட்டினால் அப்படித்தான் வரும். முதலில் லோயர் போட்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குங்கள், சிலர் பெரிய எழுத்தில் தட்டுவார்கள். அப்புறம் ஏ/எல், ஏ/பி இருக்கும் இடத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் ஸ்டிரிப் போட்டு ஓரத்து இடைவெளியை எடுங்கள். சாய்கோட்டைச் சுற்றி இடம் விடுகிற ஆளும் உண்டு, அதையும் பாருங்கள். என்னைக் கேட்டால் பெயரே வேண்டாம், ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கொடுங்கள். 12 இலக்கம்: முதல் 6 பிறந்த தேதி (ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் முதலில்), அடுத்த 2 பிறந்த இடம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். ஸ்லைஸ் போட்டுத் துண்டு எடுக்கப் பழக இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இண்ட் போட்டு அதை எண்ணாக மட்டும் மாற்றாதீர்கள். 2005-இல் பிறந்தவனுக்கு முன் பூஜ்யம் பறந்துபோய் 11 இலக்கம்தான் மிஞ்சும். எங்கள் ஆபீஸ் எக்செலில் அப்படிப் போய், ஒரு பையன் சம்பளமே நின்றது.

செம்பனை டீச்சர்:
அண்ணே, பிள்ளைகள் ஐசி எண்ணை எல்லார் முன்னாலும் தட்டச் சொல்வதா? நான் கேட்டது அதுவா?

பகாவ் மாமா:
ஏ/எல்லை விடுங்கள். தமிழிலேயே ‘வணக்கம்’ தட்டி நீளம் கேட்டேன், 7 என்றது. தமிழ்ப்பள்ளிப் பையன் ஒருவன் வ, ண, க், க, ம் என்று விரல் விட்டு எண்ணி, “அஞ்சுதான் சார்” என்று எழுந்து நின்றுவிட்டான். யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) புள்ளிக்குத் தனி எண், அதனால் இரண்டு கூடுதல். சொன்னேன், அவன் உட்காரவில்லை. சொல்லைத் திருப்பிப் போட்டதும் ஆரம்பத்தில் ஒரு புள்ளி, கீழே எழுத்தே இல்லாமல் தொங்கியது. “பாத்தீங்களா சார்!” என்றான். கிராணி அண்ணே, இதற்கும் ஸ்டிரிப் போடச் சொல்லாதீர்கள்.