சீனியர்ஸ் ஹெல்த் கார்டுக்குச் சொத்துக் கணக்கும் பார்க்க வேண்டாமா?

டான்டினாங் இரவுப்பணி:
ஏஜ் பென்ஷன் என்கிற அரசு முதியோர் பென்ஷன் கிடைக்காத, 67 வயதான அல்லது அதைத் தாண்டியவர்களுக்கு ஆஸ்திரேலிய அரசு கொடுக்கிற காமன்வெல்த் சீனியர்ஸ் ஹெல்த் கார்டைப் பற்றித்தான் கேட்கிறேன். வருமானம் மட்டும் பார்க்கிறார்கள், சொத்தைப் பார்ப்பதே இல்லை. அந்த வருமான வரம்பையும் 2022 நவம்பரில் தனியாளுக்கு 90,000 டாலர், தம்பதிக்கு 1,44,000 என்று ஒரேயடியாக உயர்த்தினார்கள், 2025 செப்டம்பரில் அது 1,01,105 மற்றும் 1,61,768 ஆகிவிட்டது. நான் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவன், அப்படி ஒரு சம்பளத்தைக் கண்ணால் கண்டதில்லை. என் மனைவியின் மருந்து ஒவ்வொன்றுக்கும் 31.60 டாலர் வரை கட்டிவந்தேன், 2026 ஜனவரியில்தான் அது 25 ஆனது. சூப்பரில், அதாவது வேலைக்காலத்தில் சேரும் ஓய்வுக்கால நிதியில், 20 லட்சம் டாலர் வைத்திருப்பவருக்கு இந்தக் கார்டு இருந்தால் அதே மருந்து 7.70. இது எந்த ஊர் நியாயம்?

பாராமட்டா பெரியவர்:
தம்பி, 31 வருடம் இந்த நாட்டில் வரி கட்டியிருக்கிறேன், பென்ஷன் என்று ஒரு காசு வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை. இந்தக் கார்டு ஒன்றுதான் கிடைத்தது. மாதம் ஐந்து மருந்து சாப்பிடுகிறேன். கார்டு இருப்பதால் வருடத்தில் 36 மருந்துக்கு 277.20 டாலர், அதற்கு மேல் அந்த வருடம் முழுக்க இலவசம். இல்லையென்றால் 60 மருந்துக்கு 1,500 டாலர் வரை போகும். சேமித்து வைத்தவனைத் தண்டிக்க வேண்டுமா? சொத்து என்று பார்த்தால் என்னிடம் இருப்பது பெரும்பாலும் குடியிருக்கும் வீடுதான். வருமானம் குறைவென்றால் உங்களுக்கும் மருந்துச் சலுகை தரும் லோ இன்கம் ஹெல்த் கேர் கார்டு இருக்கிறதே.

டான்டினாங் இரவுப்பணி:
அந்தக் கார்டின் வரம்பு மிகத் தாழ்வு ஐயா, நானும் மனைவியும் வேலைக்குப் போவதால் எங்களுக்குக் கிடைக்காது. வீட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள், ஏஜ் பென்ஷனின் சொத்துக் கணக்கில்கூடக் குடியிருக்கும் வீட்டைச் சேர்ப்பதில்லை. நான் சொல்வது சூப்பரை. ஓய்வுபெற்றபின் சூப்பர் பணத்தைப் போட்டுவைத்துத் தவணையாக எடுக்கும் அக்கவுன்ட் பேஸ்டு பென்ஷன் கணக்கிலிருந்து நீங்கள் உண்மையில் எடுக்கிற பணத்தை எண்ணுவதில்லை, டீமிங் என்று ஒரு விகிதம் வைத்து இவ்வளவு வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2025 செப்டம்பர் விகிதத்தில் முதல் 64,200 டாலருக்கு 0.75 சதவீதம், மீதிக்கு 2.75. ஒரு தனியாள் 20 லட்சம் டாலரை அதில் போட்டிருந்தால் அவர் வருமானமாகக் கணக்கில் வருவது சுமார் 53,700, வரம்புக்கு வெகு கீழே. 67 வயதில் அவர் குறைந்தது 5 சதவீதம் எடுத்தாக வேண்டும், அதாவது ஒரு லட்சம் டாலர், பெரும்பாலானவர்களுக்கு அதற்கு வரியும் இல்லை. 2015க்கு முன்பே கார்டும் கணக்கும் வைத்திருந்து விடாமல் தொடர்பவர்களுக்கு அந்த டீமிங்கும் கிடையாது. இதைத்தான் தப்பு என்கிறேன், உங்கள் ஐந்து மாத்திரையை அல்ல.

கிளேட்டன் மகள்:
அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் இந்தக் கார்டை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சூப்பர் பணக்காரர்கள் இல்லை. என் அப்பா அம்மா, பிள்ளைகளோடு நிரந்தரமாக இருக்கப் பெற்றோருக்குக் கட்டணம் வாங்கிக் கொடுக்கும் கான்ட்ரிபியூட்டரி பேரன்ட் விசாவில் வந்தவர்கள். ஏஜ் பென்ஷனுக்கு 10 வருடம் இங்கே குடியிருக்க வேண்டும், இந்தக் கார்டுக்கு 4 வருடம். அந்த நாலு வருடமும் எங்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று அம்மா ஒரு மாத்திரையைப் பிட்டு இரண்டு நாளைக்குச் சாப்பிட்டிருக்கிறார், ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகுதான் சொன்னார். அப்பாவின் தமிழ்நாட்டு ஆசிரியர் பென்ஷனையும் டாலருக்கு மாற்றிக் காட்டினோம், வரம்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சொத்துக் கணக்கு என்று கொண்டுவந்தால் தஞ்சாவூரில் நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும் நிலத்தை யார் மதிப்பிடுவது? பங்கு பிரிக்கவே இல்லை, விற்கவும் முடியாது. அந்தக் காகிதங்களோடு அலையப்போவது 70 வயது மனிதர்.

டான்டினாங் இரவுப்பணி:
அம்மா விஷயம் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது தங்கச்சி. அவர்களிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. ஊர் நிலத்தை விட்டுவிடட்டும், இங்கே சூப்பரில் இருப்பதை மட்டும் பார்க்கட்டும், அதற்குப் புதுப் பத்திரம் எதுவும் வேண்டாம், எல்லாமே வரித்துறையிடம் இருக்கிறது. 10 லட்சத்தில் கோடு போட்டால்கூடச் சரி.

பாராமட்டா பெரியவர்:
கோட்டை ஒரு தடவை போட்டுவிட்டால் அடுத்து வருகிற அரசு அதை இறக்கும் தம்பி. பென்ஷன் சொத்துக் கணக்கை 2017 ஜனவரியில் இறுக்கியபோது பென்ஷனை இழந்தவர்களில் என் நண்பரும் ஒருவர். அதனால் உங்கள் கணக்கு சரியாக இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கான லோ இன்கம் கார்டின் வரம்பை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்புறம், கிளேட்டன் மகளே, ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் இலவசம் பென்ஷனர் கார்டுக்கும் ஹெல்த் கேர் கார்டுக்கும்தான், இந்தக் கார்டுக்கு இல்லை. அப்பா அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் சந்தா கட்டியிருக்கிறீர்களா?

கிளேட்டன் மகள்:
இல்லை ஐயா, கார்டிலேயே அதுவும் அடங்கும் என்று நினைத்திருந்தோம். இன்று இரவே கட்டிவிடுகிறேன்.