கோழி உண்ணி வளர்ப்பு: லார்வா எல்லாம் சாகிறது, குழாயில் பூஞ்சை. எங்கே தப்பு?

வெட்_மாணவி:
வணக்கம். கால்நடை ஒட்டுண்ணியியல் முதுகலை இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆய்வுக்காக ஆர்கஸ் பெர்சிகஸ், அதாவது கோழி உண்ணி (முதுகில் கெட்டி ஓடு இல்லாத மென் உண்ணி வகை) வளர்க்கப் பார்க்கிறேன். நாமக்கல் பக்கம் ஒரு நாட்டுக்கோழிக் கொட்டகையின் மர விரிசல்களிலிருந்து 40 பெரிய உண்ணிகள் பிடித்தேன். பிடித்தபோது தர்பூசணி விதை மாதிரி தட்டையாக, செம்பழுப்பாக இருந்தன. கோழிக்குஞ்சின் மேல் விட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் குடித்து, உப்பிப்போய், சிலேட் நீலத்துக்கு மாறின. முட்டையும் இட்டன, பொரிக்கவும் செய்தன. அது வரைக்கும் சரி.

பிரச்சினை இரண்டு. ஒன்று, லார்வாக்கள் (முட்டையிலிருந்து வரும் ஆறு கால் குட்டிகள்) குஞ்சின் இறக்கைக்கு அடியில் கடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுநாள் இடுக்கியால் எடுத்து வைத்தேன், நாலே நாளில் எல்லாம் காலி. இரண்டு, குடித்து முடித்த பெரிய உண்ணிகளின் குழாயில் வெள்ளைப் பூஞ்சை. ஈரப்பதத்துக்கு அடியில் நனைத்த பஞ்சு வைத்திருக்கிறேன். இன்குபேட்டர் 28 டிகிரி.

(நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறது. யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.)

எட்டுக்கால்:
லார்வாவுக்கு இரத்தமே தேவையில்லையே? நான் வெளிநாட்டில் ஒரு ஆய்வகத்தில் மென் உண்ணி வளர்த்திருக்கிறேன். முட்டையிலிருந்து வந்த லார்வா எதையும் குடிக்காமலே தோலுரித்து நிம்ஃபாக, அதாவது எட்டுக் கால் இளம் பருவமாக, மாறிவிடும். அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய_லேப்:
எட்டுக்கால், நீங்கள் வளர்த்தது ஆர்னித்தோடோரஸ் மவுபாட்டாவாக இருக்கும். ஆப்பிரிக்க உண்ணி. அதன் லார்வா குடிக்காது, சரிதான். ஆனால் அதை வைத்து மொத்தக் குடும்பத்துக்கும் தீர்ப்பு சொல்லக்கூடாது. கோழி உண்ணியின் லார்வா பட்டினி போட்டால் சாகும்.

மாணவிக்கு: உங்கள் முதல் தப்பு, பெரியது ஒரு மணி நேரத்தில் இறங்கியதைப் பார்த்து லார்வாவும் அப்படித்தான் என்று நினைத்தது. நிம்ஃபும் பெரிய உண்ணியும் ராத்திரி வந்து குடித்துவிட்டு விரிசலுக்கு ஓடும் ஜாதி. லார்வா அப்படி இல்லை, 5 முதல் 10 நாள் வரை அங்கேயே ஒட்டிக்கிடக்கும். நீங்கள் பிடுங்கியபோது அது சாப்பாட்டை ஆரம்பித்ததோடு சரி. பிடுங்கும்போது வாயுறுப்பும் பிய்ந்திருக்கும்.

பொரித்த அன்றே விடாதீர்கள். ஐந்தாறு நாள் கழித்து, உடம்பு கொஞ்சம் இறுகியதும், சாயங்காலமாக விடுங்கள். குஞ்சைக் கம்பி அடித்தளக் கூண்டில் வைத்து, அடியில் வெள்ளைத் தட்டு, தட்டின் விளிம்பில் வாசலின். நிறைந்த லார்வா கருநீல மணி மாதிரி உருண்டு, அப்புறம் தட்டையாகித் தானாக விழும். பெரும்பாலும் ராத்திரியில் விழும், காலையில் தட்டைப் பாருங்கள். ஒரு குஞ்சுக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டாம். லார்வா அதிகமானால் குஞ்சுக்கு வாதமே வரும்.

வெட்_மாணவி:
நன்றி சார். பிடுங்கியதுதான் காரணம் என்று நினைக்கவே இல்லை. பூஞ்சைக்கு?

பழைய_லேப்:
முதலில் அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். மென் உண்ணி வயிறு நிறையக் குடித்தால், இரத்தத்தில் இருக்கும் உபரித் தண்ணீரையும் உப்பையும் காலடிச் சுரப்பி வழியாக வெளியே தள்ளும். கவனித்திருப்பீர்கள், குடித்த கொஞ்ச நேரத்தில் அடியில் தெளிந்த சொட்டு. அது குழாய்க்குள் விழுந்தால், நீங்கள் வைத்த ஈரமும் சேர்ந்து பூஞ்சைக்கு விருந்து.

குடித்த உண்ணியை முதலில் வடிதாளில் ஒரு நாள் விடுங்கள். அப்புறம் உலர்ந்த குழாய், உள்ளே விசிறி மாதிரி மடித்த வடிதாள், வாயில் துணி. குழாய்களை டெசிகேட்டரில் (இறுக மூடும் கண்ணாடி ஜாடி) அடுக்கி, அடியில் கல்லுப்புக் கரைசல். உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குப் போடுங்கள், காற்றில் ஈரப்பதம் தானாக 75 சதவீதத்தில் நிற்கும். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் பொட்டாசியம் குளோரைடு, 84 பக்கம் வரும்.

வறண்டு செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஷெப்பர்ட் என்பவர் 1976இல் கென்யாவிலிருந்து வந்த ஆர்கஸ் பிரம்ப்டி உண்ணிகள் 13 வைத்திருந்தார். பெண் உண்ணிகள் 8 வருடம் பட்டினி கிடந்து பிழைத்தன. கடைசி ஆண் செத்து 4 வருடத்துக்குப் பிறகும் ஒரு பெண் முட்டை இட்டது, அதுவும் பொரித்தது. இதைப் படித்த அன்றைக்கு என் குழாய்களை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை வாரம் ஒருமுறையாகக் குறைத்துவிட்டேன்.

மேட்டுக்காடு_கோழி:
டாக்டரம்மா, நீங்க வளர்க்கக் கஷ்டப்படுறீங்க, நான் ஒழிக்க முடியாமக் கஷ்டப்படுறேன். கொட்டகையை ரெண்டு மாசம் காலியாப் போட்டேன், திரும்பக் கோழி விட்ட அன்னிக்கு ராத்திரியே டார்ச் அடிச்சா கட்டை பூரா ஊருது.

பழைய_லேப்:
அண்ணே, ரெண்டு மாசம் அதுக்கு ஒரு தூக்கம். பெரிய உண்ணி வருடக்கணக்கில் காத்திருக்கும். கோழிக்கு மருந்து போட்டும் பயனில்லை, பகலில் அது கோழி மேலே இல்லை. விரிசலை அடையுங்கள், கட்டையை மாற்றி இரும்புக் குழாய் போடுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு.

மலைநாட்டு_வெட்:
இலங்கையிலிருந்து. நுவரெலியா பந்தயக் குதிரைகளின் காதுக்குள் நாங்கள் பார்ப்பது ஓட்டோபியஸ் மெக்னினி. அதுவும் மென் உண்ணிதான், ஆனால் பழக்கம் தலைகீழ். லார்வாவும் நிம்ஃபும் காதிலேயே கிடந்து குடிக்கும், வளர்ந்த பிறகு குடிப்பதே இல்லை. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், குதிரைகளோடு வந்திருக்க வேண்டும்.

ஒரு கேள்வி, உங்களுடையது பெர்சிகஸ் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உடம்பின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருந்தால் புறா உண்ணி கூட்டம் இல்லை, அவ்வளவுதான் தெரியும். கொக்குக் கூடுகளில் இருக்கும் ஆர்கஸ் ராபர்ட்சிக்கும் அதே கட்டங்கள். ஆஸ்திரேலியாவில் கோழியில் கிடைத்ததைப் பெர்சிகஸ் என்றே வைத்திருந்து, 1968இல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். லார்வா சிலவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு ஸ்லைடு செய்து பாருங்கள்.

வெட்_மாணவி:
கொக்குகள் கூடு கட்டும் புளியமரம் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போதுதான் உறைக்கிறது. இன்னொன்று, ஒரு குஞ்சு இரண்டு நாளாகச் சோர்ந்து, எச்சம் பச்சையாகப் போகிறது.

பழைய_லேப்:
இன்றைக்கே இரத்தப் பூச்சு எடுத்து ஜீம்சா சாயம் போடுங்கள். வெளியிலிருந்து பிடித்த உண்ணி பொரேலியா அன்செரினா என்ற சுருள் பாக்டீரியாவைச் சுமந்திருக்கலாம். சுருள் சுருளாகத் தெரிந்தால் பெனிசிலின். தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கும் போகும், அதனால் அந்தக் குஞ்சில் குடித்தவற்றைத் தனிக் குழாயில் பிரியுங்கள்.

வெட்_மாணவி (மூன்று வாரம் கழித்து):
சுருள் தெரிந்தது. குஞ்சு பெனிசிலினில் பிழைத்துவிட்டது, அந்தக் குழாய்களைத் தனி அலமாரியில் வைத்துவிட்டேன். வேறு தாயின் லார்வா 40ஐ ஆரோக்கியமான குஞ்சில் விட்டேன். ஐந்தாம் நாள் காலை தட்டில் முதல் மூன்று. எட்டாம் நாளுக்குள் 31. அவற்றில் பாதிக்கு மேல் தோலுரித்து எட்டுக் காலோடு நடக்கின்றன. கல்லுப்புக்கு மாறிய பிறகு பூஞ்சை இல்லை.

ஓரத்தில் கட்டங்கள் இருக்கின்றன. லார்வா ஸ்லைடு இன்னும் தெளிய வேண்டும். அது வரைக்கும் குழாய்களில் “பெர்சிகஸ்” என்பதை அடித்துவிட்டு “ஆர்கஸ், இனம் பார்க்க வேண்டும்” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.